முட்டிவலி: சேரிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று முதலில் எண்ணுங்கள்

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். முட்டிவலி என்று யாராவது வந்தால் நான் முதலில் எக்ஸ்ரே கவரைப் பிரிப்பதில்லை. ஒரு சேரைக் காட்டி, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், 30 செகண்டில் எத்தனை தடவை முடிகிறது பார்ப்போம் என்பேன். வலிக்கிறது என்று வந்தால் உட்கார்ந்து எழச் சொல்கிறானே என்று முகத்தைச் சுளிப்பார்கள். என் பெரியம்மா ஒரு படி மேலே போய், "இதுக்கா நாலு வருஷம் படிச்ச?" என்று கேட்டார். அன்று அவரால் ஏழு தடவைதான் எழ முடிந்தது. அந்த ஏழில் தொடங்கியதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில், இது யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். 45 வயதைத் தாண்டியவர், வலி மெல்ல மெல்ல வந்தது, நடந்தாலோ படி ஏறி இறங்கினாலோ கூடும், காலையில் எழுந்ததும் முட்டி விறைத்திருக்கும் ஆனால் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். இப்படி இருந்தால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் இந்த அடையாளங்கள் இருந்தாலே போதும், எக்ஸ்ரே இல்லாமலே முடிவு செய்யலாம் என்கிறது. நம் ஊரில் எக்ஸ்ரே இல்லாமல் யாரும் நம்ப மாட்டார்கள், அது வேறு கதை.

யாருக்கு இல்லை? முட்டி சிவந்து சூடாகி வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். விழுந்து அடிபட்டு காலை ஊன்றவே முடியாவிட்டாலும், முட்டி ஒரு நிலையில் மாட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாவிட்டாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், அசையாமல் படுத்திருக்கும்போதும் ராத்திரி முழுக்க வலித்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் டாக்டரைப் பார்த்த பிறகுதான் உடற்பயிற்சி. நடக்கும்போது நெஞ்சு அடைப்பது போல இருப்பவர்களும் அப்படியே.

சரி, எக்ஸ்ரேயை ஏன் முதலில் பார்ப்பதில்லை? படத்தில் தெரிவதும் வலிப்பதும் ஒன்றல்ல என்பதால். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட, எக்ஸ்ரேயில் தேய்மானமே தெரியாத 710 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், 2012-இல் வெளிவந்தது. 89 சதவீதம் பேருக்கு முட்டிக்குள் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. வலியே இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. ஆகவே "ஜவ்வு தேஞ்சு போச்சு, எலும்போட எலும்பு உரசுது" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் மனசு உடைந்து போக வேண்டியதில்லை. அந்த வாக்கியம் வலியைவிட மோசமான வேலை செய்கிறது. அதைக் கேட்டவர் அடுத்த நாளிலிருந்து நடப்பதைக் குறைத்துவிடுகிறார். நடக்காத தொடை மெலிகிறது. மெலிந்த தொடையால் முட்டியைத் தாங்க முடியாமல் வலி கூடுகிறது. வலி கூடினால் இன்னும் ஓய்வு. இந்தச் செக்கில்தான் பாதிப் பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாரம் ஏறி இறங்கும்போதுதான், ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீர் உறிஞ்சுவது போல, மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. எண்ணெய் வற்றிப்போன மெஷின் மாதிரி முட்டியை நினைத்து, பூட்டி வைத்தால் தேயாது என்று நம்புவது தப்புக் கணக்கு.

இப்போது அளவெடுப்போம். ஒரு நோட்டு வேண்டும். பழைய பால் கணக்கு நோட்டு இருந்தால்கூடப் போதும்.

கை வைக்காத, ஆடாத சேர் ஒன்று, உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 43 செ.மீ. உயரம் இருக்கட்டும். பிளாஸ்டிக் சேர் வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். சேரின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முழுசாக எழுந்து நின்று, திரும்ப உட்கார வேண்டும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் 30 செகண்ட் பார்க்கட்டும். எத்தனை தடவை? எழுதுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் கணக்குப்படி 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11-க்குக் கீழே, ஆணுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்கும் குறைவு. அது அவர்கள் ஊர்க் கணக்கு, அதில் தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் இன்றைய எண்ணும் ஆறு வாரம் கழித்து வரும் எண்ணும்தான் நமக்கு முக்கியம். கை ஊன்றாமல் ஒரு தடவைகூட முடியவில்லையா? பூஜ்யம் என்று எழுதுங்கள், அதுவும் ஓர் அளவுதான்.

அடுத்தது, அதே சேரிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவதற்கு எத்தனை செகண்ட் ஆகிறது என்று பாருங்கள். 1991-இல் கனடாவில் இரண்டு பேர் உருவாக்கிய சோதனை இது, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 12 செகண்டோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் எல்லாவற்றையும் சமையல் மேடையையோ ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டே செய்யுங்கள்.

மூன்றாவதாக, உங்களால் முடியாமல் போன ஒரு வேலையை எழுதுங்கள். "வலி குறையணும்" என்று எழுதக் கூடாது. டவுன் பஸ் படியில் ஏறுவது, குனிந்து கோலம் போடுவது, கோயிலில் பிரகாரம் ஒரு சுற்று, மாடியில் துணி காயப்போட்டு இறங்குவது, இப்படி ஒன்று. பெரியம்மா எழுதியது: "தாழ்தளம் இல்லாத பஸ்." நான் சிரித்தேன், ஆனால் அதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி இலக்கு சொல்லி நான் கேட்டதில்லை.

இனி பயிற்சி. வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் செய்தால் சீக்கிரம் சரியாகும் என்று நினைக்காதீர்கள், தசை வளர்வது ஓய்வு நாளில்தான். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, ஒரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி, இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், அதுதான் சரியான அளவு. பத்தும் பஞ்சு மாதிரி போய்விட்டால் அது பயிற்சி இல்லை. முதலில் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

சேரில் எழுந்து உட்காருவதுதான் முக்கியமான பயிற்சி. நேரமில்லாத நாளில் இதை மட்டுமாவது செய்யுங்கள். பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு மேல் வருகிற அளவு முன்னால் சாய்ந்து எழ வேண்டும். பலர் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், அதனால்தான் முட்டியில் சுருக்கென்று பிடிக்கிறது. உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. முடியவில்லை என்றால் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அது சுலபமானதும் ஒரு தலையணை, பிறகு வெறும் சேர், பிறகு ஒரு பையில் இரண்டு கிலோ அரிசியை மார்போடு அணைத்துக்கொண்டு. ஜிம்மில் இரும்பு ஏற்றுகிற அதே கணக்கு.

படி ஏறும் பயிற்சிக்கு வாசற்படி போதும், 10 முதல் 15 செ.மீ. உயரம். முழுப் பாதத்தையும் படியில் வைத்து, அந்தக் காலின் பலத்தாலேயே ஏற வேண்டும், கீழே இருக்கும் காலால் உந்தக் கூடாது. முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா என்று கவனியுங்கள். முட்டி, பாதத்தின் இரண்டாவது விரல் இருக்கும் திசையில் இருக்க வேண்டும். கண்ணாடி முன்னால் செய்தால் தெரியும், அல்லது பேரனை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே வலி குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உட்கார்ந்தபடி காலை நீட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, அதற்குப் பாரம் வேண்டும் என்பது. ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டி, காலை முழுசாக நீட்டி, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். இரண்டு வாரத்தில் சுலபமாகிவிட்டால் ஒன்றரைக் கிலோ. பாரம் கூட்டாமல் ஆறு மாதம் வெறும் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு "எக்சர்சைஸ் எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு சார்" என்பவர்கள் நிறைய. அவர்கள் செய்தது அரை மாத்திரை.

இடுப்புப் பக்கத் தசையையும் விடாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி இறக்குவது. முட்டிக்கு வலித்தால் இடுப்புக்கு ஏன் என்று கேட்பீர்கள். மெல்போர்னில் இதை மட்டும் சோதித்துப் பார்த்தார்கள். முட்டிமேல் விழும் பாரம் மாறவில்லை, ஆனால் வலி குறைந்தது. ஏன் என்பதற்கு இன்னும் நேரான பதில் கிடையாது. கூடவே மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், கெண்டைக்காலுக்கு அது போதும். முட்டி முழுசாக நீளாதவர்கள் மட்டும் ஒரு டவலைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து செகண்ட் பிடிக்கலாம். இதை மட்டும் தினமும் செய்யலாம், பாரம் இல்லை.

மூச்சைப் பிடிக்காதீர்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியே போகும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. வலித்தால் நிறுத்தணுமா?

வேண்டியதில்லை, ஆனால் அளவு தெரிய வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது இரண்டு வரை கவலையே இல்லை. இரண்டிலிருந்து ஐந்து வரை பரவாயில்லை, தொடரலாம். ஐந்துக்கு மேல் போனால் அன்றைய பாரத்தையோ உயரத்தையோ குறைக்க வேண்டும். அதைவிட முக்கியமானது மறுநாள் காலை. 24 மணி நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடுதலாக இருந்தாலோ முட்டி வீங்கியிருந்தாலோ அளவு மிஞ்சிவிட்டது, அடுத்த முறை ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய கிளாட் என்ற திட்டத்தில் இந்த விதியைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு வகுப்பு, அதற்கப்புறம் ஆறு வாரத்தில் பன்னிரண்டு தடவை பயிற்சியாளர் முன்னிலையில் பயிற்சி, அவ்வளவுதான் அந்தத் திட்டம். பிறகு பல நாடுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

முட்டி வீங்கியிருக்கும்போது மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். உள்ளே நீர் கோத்தால் தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடும். அந்த நாளில் கால் தொளதொளவென்று இருப்பது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. ஐஸ் ஒத்தடம், லேசான அசைவு, இரண்டு நாளில் மறுபடி தொடங்கலாம்.

மெஷின் வைத்தியம் பற்றிக் கேட்பார்கள். ஐஎஃப்டி என்ற மின்சாரச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் என்ற ஒலி அலைச் சிகிச்சை, சூடான மெழுகு ஒத்தடம். நானும் தொழிலுக்கு வந்த முதல் மூன்று வருடம் பத்து நாள் கோர்ஸ் என்று இவற்றைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. சுகமாக இருக்கும், நோயாளிக்கும் வைத்தியம் நடந்த திருப்தி. பதினொன்றாவது நாள் அதே படியில் அதே வலியோடு ஏறுவார்கள். சூடான ஒத்தடத்துக்கு அப்புறம் பயிற்சி செய்தால் இதமாக இருக்கும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டுமே சிகிச்சை என்றால் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் "எனக்குப் பாரம் எப்போ கூட்டுவீங்க?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

ஊசி? 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 156 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள், பாதிப் பேருக்கு முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்குப் பிசியோதெரபி. ஒரு வருடம் கழித்து வலி, விறைப்பு, வேலைத்திறன் மூன்றையும் சேர்த்து அளக்கும் கேள்வித்தாளில் ஊசி போட்டவர்கள் சராசரி 55.8, பிசியோதெரபி எடுத்தவர்கள் 37.0. அதில் எண் குறைந்தால் நல்லது. துளை போட்டு முட்டிக்குள் கழுவிச் சுரண்டும் ஆபரேஷன் கதை இன்னும் சுவாரசியம். 2002-இல் ஹூஸ்டனில் 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் பார்த்தும் நிஜ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இவர்களைவிட முன்னேறவில்லை.

மூட்டு மாற்று ஆபரேஷனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வேறு. முற்றிய தேய்மானத்துக்கு அது நல்ல வைத்தியம். டென்மார்க்கில் 2015-இல் 100 பேரை வைத்துப் பார்த்ததில், மாற்றிக்கொண்டவர்கள் அதிகம் தேறினார்கள், ஆனால் அவர்களிடம்தான் கடுமையான பக்கவிளைவுகளும் அதிகம். ஆபரேஷன் இல்லாமல் பயிற்சி, உணவு, மருந்து என்று போனவர்களில் ஒரு வருடத்துக்குள் 26 சதவீதம் பேர்தான் ஆபரேஷனுக்குப் போனார்கள். பயிற்சி செய்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனாலும் நஷ்டமில்லை. பலமான தொடையோடு போவீர்கள்.

பயிற்சியை மட்டும் மந்திரமாக விற்கவும் எனக்கு விருப்பமில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2024-இல் 139 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாகச் சுமார் 9 முதல் 13 புள்ளிதான் குறைகிறது. பெரிய எண் இல்லை. வலி அறவே போய்விடும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினால் நான்காவது வாரம் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் வலியை எண்ணாமல் எழுவதை எண்ணச் சொன்னேன். வலி ஏறி இறங்கும், மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கல்யாண வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் ஒரு மாதிரி. ஏழு எட்டாவதும் எட்டு பத்தாவதும் அப்படி ஏறி இறங்காது.

உடம்பு பருமனாக இருந்தால் எடையையும் பாருங்கள். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் விழும் பாரத்தை அளந்தவர்கள் கண்டது, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் முட்டியில் நான்கு கிலோ குறைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து ஒரு கரண்டி பொரியலைக் கூட்டுவதில் தொடங்கலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கைத்தடி பிடித்தால் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள், வலது முட்டி வலித்தால் இடது கை. கிட்டத்தட்ட எல்லோரும் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள். மோசமான நாளில் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். தரையில் உட்காருவதை ஒரேயடியாக விட்டுவிட்டால் தவறி விழுந்தால் எழத் தெரியாமல் போகும், ஆகவே கட்டில் ஓரமாக, மெத்தை விரிப்பு போட்டு, ஒரு முட்டியை ஊன்றிக் கட்டிலைப் பிடித்து எழுந்து பழகிக்கொள்ளுங்கள். மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் மட்டும் சர்ஜனைக் கேட்டுவிட்டு.

"வயசாயிடுச்சு, இனிமே எங்க" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குக் கனமான பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்கள் ஒன்பது பேர். தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவங்க என்ன சாப்பிட்டாங்க என்றுதான் கேட்டார்.

ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும், அதே சேர், அதே நேரம், அதே ஆள் வைத்து அளங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று மாற்றினால் எண் குழம்பும். ஆறு வாரத்தில் ஒன்றுகூட மாறவில்லை என்றால் முதலில் நோட்டைப் புரட்டுங்கள், வாரத்துக்கு மூன்று நாள் உண்மையில் செய்தீர்களா, பாரம் கூடியதா என்று. இரண்டும் சரி, எண் மட்டும் நகரவில்லை என்றால் அந்த நோட்டோடு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். என் மாதிரி ஆட்களுக்கு எக்ஸ்ரேயைவிட அதில் விஷயம் அதிகம். பன்னிரண்டு வாரத்துக்கு அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தினால் மட்டும் சில மாதங்களில் பழைய எண்ணுக்கே வந்துவிடும்.

பெரியம்மா நோட்டெல்லாம் வைக்கவில்லை, தினசரி காலண்டர் தாளில் டிக் அடித்தார், கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருந்தார். ஆறாவது வாரம் ஒன்பது. பன்னிரண்டாவது வாரம் பன்னிரண்டு. வலி இருக்கிறது, அமாவாசைக்கு அமாவாசை கூடுகிறது என்பார், அதை நான் மறுத்துப் பேசுவதில்லை. போன மாதம் போன் செய்து, "ஏறிட்டேன்டா, கண்டக்டர்தான் கையப் புடிக்க வந்தான், வேணாம்னுட்டேன்" என்றார். இறங்கும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதுக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டாராம். சரி, அடுத்த ஆறு வாரத்துக்கு வாசற்படியில் இறங்கிப் பழகச் சொல்லியிருக்கிறேன்.